தும்பி சொன்ன வீட்டுப்பெயர்

ஞாயிற்றுக்கிழமை காலை ஷைனிக்கு வயிற்று வலியோடுதான் விழிப்பு வந்தது. ராத்திரி கப்பக்கிழங்கும் மத்திக் கறியும் கொஞ்சம் கூடிப்போனதன் வேலை என்று நினைத்தாள். மகள் தும்பி பாயில் குறுக்கே கிடந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் அவள் பெயர் ஈவா மரியா. வீட்டில் பிறந்த நாளிலிருந்து தும்பிதான். ஐந்து வயது முடிந்திருந்தது. பிள்ளையை எழுப்பாமல் ஷைனி அடுக்களைக்குப் போய் சீரகத் தண்ணீர் கொதிக்க வைத்தாள்.

வெளியே மழை ஒரே சீராகப் பெய்தது. ரப்பர் மரங்களுக்கு நடுவே தனியாக நிற்கும் வாடகை வீடு அது. அக்கம்பக்கம் என்று சொல்ல இரண்டு மூன்று வீடுகள் இருந்தன. அவர்கள் எல்லாரும் குடையைப் பிடித்துக்கொண்டு சர்ச்சில் பூசைக்குப் போயிருந்தார்கள்.

சீரகத் தண்ணீரை ஒரு வாய் குடித்தாள். அது தொண்டையில் இறங்காமல் மூக்கு வழியாகத் திரும்பி வந்தது. இருமிவிட்டு அடுப்பைப் பார்த்தபோது இரண்டு அடுப்பு எரிந்தது. ஒன்றைத்தானே பற்ற வைத்தோம் என்று யோசித்தாள். இமைகள் தாமாக இறங்கின. ஒரு இமையை விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் தடவி அடுப்பை அணைத்தாள். அதோடு கைகள் இரண்டும் அவளை விட்டுப்போயின. முழங்கால் மடங்கி, சுவரோடு சரிந்து, தரையில் பக்கவாட்டில் விழுந்தாள்.

விழுந்த பிறகும் எல்லாம் கேட்டது. ஓட்டிலிருந்து சொட்டுகிற தண்ணீர் கேட்டது. பின்வாசலில் பூனை கத்துவது கேட்டது. கன்னத்தில் சிமெண்டுத் தரையின் குளிர்ச்சி தெரிந்தது. தும்பி என்று கூப்பிட்டாள். அந்தச் சத்தம் தலைக்குள்ளேயே சுற்றிவிட்டு நின்றது. உதடு அசையவில்லை.

கட்டுவிரியன், இந்த ஊர்ப் பேச்சில் சங்குவரையன், என்று பின்னால் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மழைக்கு ஒதுங்கி வீட்டுக்குள் ஏறி, விடிவதற்கு முன்பு பாயில் வைத்துக் கடித்திருக்கிறது. எறும்பு கடித்த அளவுக்குக்கூட வலிக்காதாம். அந்த விஷம் அறிவைத் தொடாது. வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புகிறவன் மாதிரி கண், தொண்டை, நாக்கு, கை, கால் என்று ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டு கடைசியில் மூச்சுக்கு வரும். அன்று தரையில் கிடந்தபோது இது எதுவும் ஷைனிக்குத் தெரியாது. ரெஜிக்கு வந்தது எனக்கும் வந்துவிட்டது என்றுதான் நினைத்தாள். இந்தப் பிள்ளை இன்னொரு தடவை இதைப் பார்க்கப்போகிறதே என்று நினைத்தாள்.

ரெஜி அவள் கணவன். இரண்டு வருடத்துக்கு முன்னால், வேறு ஊரில், வேறு வீட்டில் இறந்துபோனான். தும்பிக்குக் காய்ச்சல் என்று அன்று அவன் வேலைக்குப் போகாமல் பிள்ளையோடு இருந்தான். ஷைனி வாசகசாலையில் புத்தகம் எடுத்துக் கொடுக்கும் வேலைக்குப் போயிருந்தாள். சாயங்காலம் திரும்பி வந்தபோது கூடத்தில் ரெஜி தரையில் கிடந்தான். பக்கத்தில் தும்பி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். தன்னுடைய சின்னத் துண்டை அவன் மார்பில் போர்த்தியிருந்தாள். அவன் வாயோரம் ஒரு பிஸ்கட் இருந்தது. அம்மாவைப் பார்த்ததும் உதட்டில் விரல் வைத்து, "சாச்சன் தூங்குறாங்க, சத்தம் போடாத" என்றாள். அப்பாவை அவள் சாச்சன் என்றுதான் கூப்பிடுவாள்.

காலையிலேயே விழுந்திருக்க வேண்டும், ரொம்ப நேரம் உயிர் இருந்திருக்கும் என்று அடக்கத்துக்கு வந்த யாரோ யாரிடமோ சொன்னார்கள். ஷைனி அதைக் கேட்டுவிட்டாள். ஆளைப் புதைத்த பிறகும் அந்தப் பேச்சு அவளோடு வந்தது.

அந்த ஊரில் இருக்க முடியாமல்தான் பூவக்குன்னுக்கு வந்தாள். இங்கேயும் ஒரு வாசகசாலை இருந்தது. ரப்பர் தோட்டத்துக்குள் வீடு கிடைத்தது. பிள்ளைக்கு வார்த்தை தெளிவாக வர ஆரம்பித்ததும் அந்த விளையாட்டைத் தொடங்கினாள்.

"அம்மா விழுந்தாச்சு. இப்ப என்ன பண்ணுவ?"

"அழுவேன்."

"அழுதா யாரு வருவா?"

"பூனை வரும்."

"பூனை வந்து?"

"அதுவும் அழும்."

ஷைனி தரையில் கிடந்தபடியே சிரித்துவிட்டாள். "தோத்துட்ட, தோத்துட்ட! செத்தவங்க சிரிப்பாங்களா?" என்று பிள்ளை குதித்தது. ஷைனியின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. எழுந்து உட்கார்ந்து, மறுபடியும் முதலிலிருந்து சொல்லிக் கொடுத்தாள்.

குளிர்சாதனப் பெட்டியின் மேலிருந்து போனை எடு. அடுக்களைக் கதவைத் திறந்து துணி துவைக்கும் கல்லின் மேல் ஏறு, அங்கேதான் சிக்னல் கிடைக்கும். அவசர உதவிக்கான நம்பர், ஒண்ணு, ஒண்ணு, ரெண்டு. பிறகு பச்சை. பிறகு ஸ்பீக்கர். பேர் சொல்லு. என்ன ஆச்சு என்று சொல்லு. வீட்டுப்பெயர் சொல்லு. ஊர் சொல்லு. ஆரம்பத்தில் ஒரு நாள் தும்பி நிஜமாகவே பச்சையை அழுத்திவிட்டாள். மறுமுனையில் ஒரு பெண் பதற, ஷைனி போனைப் பிடுங்கி ஆயிரம் மன்னிப்புக் கேட்டாள். அன்றிலிருந்து விளையாட்டில் பச்சையை அழுத்தக் கூடாது, சும்மா பேசினால் போதும் என்று ஆனது. எல்லாம் சரியாகச் சொல்லி முடித்தால் அம்மா கண்ணைத் திறந்து "மிடுக்கி!" என்று மெச்சுவாள். அதோடு ஒரு கடலை மிட்டாய் கிடைக்கும்.

இப்போது பாய் சரசரத்தது. சின்னக் காலடிகள் அடுக்களை வாசலில் வந்து நின்றன.

"ஏய் கள்ளி! நான் எந்திரிக்கிறதுக்கு முன்னாடியே விழுந்துட்டியா?"

அவள் குரலில் சந்தோஷம் இருந்தது. 

நாற்காலி இழுபடும் சத்தம். போன் எடுக்கும் சத்தம். கதவுத் தாழ்ப்பாள். மழையின் சத்தம் திடீரென்று பெரிதானது. கல்லின் மேல் ஏறி நின்று பிள்ளை ராகம் போட்டுச் சொன்னது. "ஹலோ, என் பேரு ஈவா மரியா. எங்கம்மா விழுந்துட்டாங்க. கண்ணைத் தொறக்கல. வீட்டுல வேற யாரும் இல்ல..." ஒரு சொல் பிசகவில்லை. ஆனால் மணி அடிக்கவில்லை, மறுமுனையில் யாரும் பேசவில்லை. தும்பி விளையாட்டைத்தான் விளையாடிக்கொண்டிருந்தாள்.

பச்சையை அழுத்து. பச்சையை அழுத்துடி. ஷைனி தன் உடம்பு முழுவதையும் திரட்டி அந்த ஒரு சொல்லைத் தள்ளிப் பார்த்தாள். வாயோரம் எச்சில் மட்டும் வழிந்தது.

தும்பி உள்ளே வந்தாள். தலையிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டிற்று.

"சொல்லியாச்சு. கண்ணைத் தொற."

காத்திருந்தாள்.

"எல்லாம் சரியாத்தான் சொன்னேன். ஊர்கூடச் சொன்னேன். மிட்டாய் குடு."

பிறகு உள்ளங்காலில் விரல் ஊர்ந்தது. அது தும்பியின் கடைசி ஆயுதம். எவ்வளவு பிடிவாதமாகக் கிடந்தாலும் ஷைனி அதற்குத் தாங்க மாட்டாள். இப்போதும் கூசியது. உடம்பெல்லாம் கூசியது. கால் நகரவில்லை. விரல் மறுபடி ஊர்ந்தது. இன்னொரு காலிலும் ஊர்ந்தது. பிறகு நின்றது.

தும்பி தன் சட்டை நுனியால் அம்மாவின் வாயைத் துடைத்துவிட்டாள். மூச்சுக்காற்று ஷைனியின் முகத்தில் படும் அளவுக்குக் குனிந்து பார்த்தாள்.

"அம்மா, இது விளையாட்டுதானே?"

மழை பெய்துகொண்டே இருந்தது. பிள்ளை அழுவாள் என்று ஷைனி காத்திருந்தாள். அழுகை வரவில்லை. காலடிகள் வெளியே ஓடின. கல்லின் மேலிருந்து, மழையைக் கிழித்துக்கொண்டு, மணி அடிக்கும் சத்தம் கேட்டது.

"சொல்லுங்க, என்ன உதவி வேணும்?" தெற்கத்திப் பேச்சில் ஒரு பெண்குரல்.

"என் பேரு ஈவா மரியா எங்கம்மா விழுந்துட்டாங்க கண்ணைத் தொறக்கல வீட்டுல வேற யாரும் இல்ல." மூச்சு விடாமல் கொட்டினாள்.

"மோளே, மெதுவா. இது விளையாட்டு இல்லையே?"

"இல்ல. விளையாட்டு முடிஞ்சுபோச்சு. அம்மாதான் முடிக்க மாட்டேங்குறா."

மறுமுனைக் குரல் மாறியது. "அம்மா மூச்சு விடுறாங்களா? நெஞ்சு ஏறி இறங்குதா?"

"இறங்குது. கொஞ்சமா."

"நல்ல பிள்ளை. வீட்டுப்பேரு என்ன?"

"கொச்சுபுரைக்கல்."

"ஊரு?"

"பூவக்குன்னு."

"இப்பவே வண்டி வரும். போனை வச்சிடாத, என்கிட்ட பேசிக்கிட்டே..." இரைச்சல். "ஹலோ? மோளே?" அதோடு தொடர்பு விட்டுப்போனது. மழை நாளில் அந்தக் கல்லின் மேலும் அவ்வளவுதான் கிடைக்கும்.

தும்பி ஓடிவந்தாள். "வர்றாங்க அம்மா. நிஜமாவே பேசினேன். பயப்படாத."

ஷைனிக்கு அப்போதுதான் விளங்கியது. 

கொச்சுபுரைக்கல் இந்த வீட்டின் பெயர் இல்லை.

அது ரெஜியின் குடும்பத்துப் பெயர். அவன் தாத்தா தெற்கிலிருந்து மலைக்கு ஏறி வந்தபோது துணிமூட்டையோடு கொண்டுவந்த பெயர். இந்த ஊரில் வீட்டுப்பெயர் சுவரில் ஒட்டியிருப்பதில்லை, ஆளோடு போகும். வீடு மாறலாம், ஊர் மாறலாம், பெயர் மாறாது. ரேஷன் கார்டில் இருந்தது. பள்ளிக்கூடத்தில் இருந்தது. ரெஜியின் கல்லறையில் வெட்டியிருந்தது. வீட்டுப்பெயர் என்ன என்று யார் கேட்டாலும் யோசிக்காமல் வாயில் வருவது அதுதான். அதையே பிள்ளைக்கும் சொல்லிக்கொடுத்தாள். அந்தப் பெயரைக் கேட்டுக்கொண்டு ஒரு வண்டி மலையேறி வந்தால் எங்கே போய் நிற்கும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை.

போய் நிற்க ஒரு இடம் இருந்தது. எதிர்க்குன்றின் மேல் இன்னொரு கொச்சுபுரைக்கல் குடும்பம் இருந்தது. உறவு ஒன்றும் இல்லை. கேட்டில் பெயர்ப்பலகை வைத்த மாடி வீடு. சாலையில் யாரைக் கேட்டாலும் அங்கேதான் கை காட்டுவார்கள். அவர்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை ஒன்று ஒரு தடவை தபாலில் தவறி இங்கே வந்தது. ஷைனி அதைத் தும்பியிடம் காட்டிச் சிரித்தாள். அப்போதுகூடத் தோன்றவில்லை.

இந்த வீட்டுக்கு ஊரில் ஒரே ஒரு பெயர்தான். தொங்கின பாப்பச்சன் வீடு. இவர்கள் வருவதற்கு வெகு நாள் முன்பு இங்கே குடியிருந்த பாப்பச்சன் உத்தரத்தில் தொங்கிச் செத்தான். அதற்குப் பிறகு யார் குடியிருந்தாலும் அது பாப்பச்சன் வீடுதான். குடிவந்த புதிதில் மீன்காரர் மம்மது, "தொங்கின பாப்பச்சன் வீட்டுச் சேச்சிக்கு மத்தி வேணுமா?" என்று வாசலில் நின்று கூவினார். ஷைனி ஓடிப்போய், "அந்தப் பேரை என் பிள்ளை காதுல போடாதீங்க, அண்ணே. அவ ஒரு சாவைப் பார்த்தவ" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். அவர் அன்றிலிருந்து "நூலகக்காரச் சேச்சி" என்று கூவத் தொடங்கினார். மற்றவர்களும் தும்பியின் முன்னால் நாக்கை அடக்கிக்கொண்டார்கள். அந்த வீட்டில் யாரும் ஒருபோதும் சொல்லாத பெயர் அது.

சைரன் கேட்டது.

"வந்தாச்சு! வந்தாச்சு!" தும்பி முற்றத்துக்கு ஓடினாள். சத்தம் கீழே சாலை வளைவில் ஏறி, ரப்பர் மரங்களுக்கு அப்பால், வீட்டுக்கு நேராக வந்தது. அடுக்களை ஜன்னலில் இருந்த எவர்சில்வர் டம்ளர்கள் லேசாக அதிர்ந்தன. பிறகு சத்தம் மெலியத் தொடங்கியது.

"இங்க! இங்க இருக்கோம்! மாமா! இங்க!" மழையில் அந்தக் குரல் முற்றத்தைத் தாண்டியிருக்காது.

உள்ளே வந்தபோது அவளுக்கு மூச்சிரைத்தது. "அம்மா, அவங்க நேரா போறாங்க."

எதிர்க்குன்றில் எங்கோ சைரன் நின்றுபோனது.

தும்பி ஷைனியின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். சம்மணம் போட்டுத்தான் உட்கார்ந்திருப்பாள், முழங்கால் நெற்றியில் இடித்தது. ஈரக் கையால் அம்மாவின் முடியை ஒதுக்கினாள். ஷைனியின் மூச்சு இப்போது நெஞ்சின் மேல்பாதியிலேயே நின்று திரும்பியது. ஒவ்வொன்றும் முந்தியதைவிடச் சின்னதாக இருந்தது.

"சாச்சன் தூங்கினப்போ எனக்கு நம்பர் தெரியாதுல்ல?" என்றாள் தும்பி.

ஷைனி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தெரிஞ்சிருந்தா கூப்பிட்டிருப்பேன்ல?"

பதிலுக்காகப் பிள்ளை காத்திருப்பது தெரிந்தது. அப்ப உனக்கு மூணு வயசுதான்டி, தங்கம், உன்மேல ஒரு குத்தமும் இல்ல என்று ஒரு நூறு முறை சொன்னாள். ஒன்றும் வெளியே வரவில்லை. இந்த விளையாட்டைச் சொல்லிக்கொடுத்த ஒவ்வொரு நாளும் பிள்ளை இதைத்தான் உள்ளுக்குள் சேர்த்து வைத்திருந்தாளா? இரண்டு வருடமாக அம்மாவிடம் கேட்காத கேள்வியை, அம்மா பதில் சொல்ல முடியாத நேரம் பார்த்துக் கேட்கிறாளே. சாவதைவிட இது மோசமாக இருந்தது.

வெளியே கல்லின் மேல் தும்பி விட்டுவந்த போன் அடித்தது.

தும்பி ஓடினாள். "அம்மா, படம் இல்லாத நம்பர்!"

அது ஷைனி போட்ட சட்டம். அம்மாவின் போனில் படம் தெரிந்தால் எடுக்கலாம். படம் இல்லாத நம்பர் என்றால் தெரியாதவர்கள், எடுக்கக் கூடாது, அம்மாவிடம் கேட்க வேண்டும். தும்பி சட்டத்தை மீறாத பிள்ளை.

"எடுக்கட்டுமா?" வாசலில் நின்று கத்தினாள். "அம்மா, எடுக்கட்டுமா?"

எடு. எடு. எடு.

மணி அடித்து ஓய்ந்தது.

ஷைனிக்கு ஒரு மூச்சு தவறியது. அடுத்தது வந்தது, ஆனால் அது வருமா என்று அவளே காத்திருக்க வேண்டியதாயிற்று. எதிர்க்குன்றில் வண்டியின் இஞ்சின் முனகுவது கேட்டது. திருப்புகிறார்கள். போகப்போகிறார்கள்.

போன் மறுபடி அடித்தது.

"நீ திட்டினா திட்டு" என்றாள் தும்பி. எடுத்துவிட்டாள். ஸ்பீக்கரும் போட்டாள்.

"மோளே, ஈவாதானே? நான் ஆம்புலன்சுல இருக்கிற நர்ஸ் மாமா பேசுறேன். நாங்க கொச்சுபுரைக்கல்லதான் நிக்கிறோம். நீ எங்க இருக்க?"

"நானும் கொச்சுபுரைக்கல்லதான் நிக்கிறேன்."

"வீட்டுக்கு வெளியே வந்து பாரு, வண்டி தெரியுதா?"

"வெளியேதான் நிக்கிறேன். நீங்கதான் இங்க இல்ல."

பின்னணியில் ஒரு கிழட்டுக் குரல் எரிந்து விழுந்தது. "நான்தான் சொன்னேனே, இங்க எல்லாரும் பூசைக்குப் போயாச்சு. காலுல கட்டுப் போட்டுக்கிட்டு நான் ஒருத்தன்தான் கிடக்கேன். புட்டு தின்னுக்கிட்டு இருக்கிறவனைத் தூக்கிட்டுப் போக வந்திருக்கானுங்க! எந்தக் குட்டிப் பிசாசோ போனை வச்சு விளையாடுது."

"அவுதச்சேட்டா, சும்மா இருங்க. குழந்தை." நர்ஸின் குரல் பக்கத்தில் வந்தது. "மோளே, உங்க வீட்டைச் சுத்தி என்ன இருக்கு?"

"ரப்பர்."

"கர்த்தாவே, இந்த மலை முழுக்க ரப்பர்தான்" என்றது கிழட்டுக் குரல். பிறகு போனைப் பிடுங்கியிருக்க வேண்டும், குரல் பெரிதானது. "ஏய் கொச்சுப் பிள்ளை, நான் கேக்குறேன் சொல்லு. உங்க அப்பன் பேரு என்ன?"

"ரெஜி."

"கூப்பிடு அவனை."

"அவங்க செத்துட்டாங்க. இப்ப அம்மா விழுந்துட்டா."

 கிழவரின் குரலில் எரிச்சல் போயிருந்தது. "சரி மோளே. சரி. நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே வீட்டுப்பேரு போல. அதான் குழப்பம். கொச்சுபுரைக்கல்னு சொன்னா ஊர்ல எல்லாரும் என்னைத்தான் காட்டுவாங்க. உங்க வீட்டை மத்தவங்க என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க? மீன்காரன், பால்காரன், அவங்க எல்லாம்?"



தும்பிக்கு அது தெரியாது என்று ஷைனி நினைத்தாள். எப்படித் தெரியும்? அந்தப் பெயர் அவள் காதில் விழாமல் இருக்க எவ்வளவு பாடுபட்டாள். சுவர் வைத்துக் காத்தாள். இப்போது அந்தச் சுவருக்குள்ளேயே இரண்டு பேரும் சாகப்போகிறோம். பிள்ளை சாகமாட்டாள். பிள்ளை உட்கார்ந்திருப்பாள். யாராவது வந்து பார்க்கும்வரை துண்டைப் போர்த்திவிட்டு உட்கார்ந்திருப்பாள்.

"தெரியாதா மோளே?"

"தெரியும்" என்றாள் தும்பி. குரல் இறங்கியிருந்தது. "ஆனா அது கெட்ட பேரு. சொன்னா அம்மாவுக்கு அழுகை வரும்."

"யாரு சொன்னா உனக்கு?"

"ஸ்கூல்ல எல்லாரும் என்னை அப்படித்தான் கூப்பிடுறாங்க. அம்மாகிட்ட நான் சொல்லல."

"அம்மாவுக்குக் கேக்காது. என் காதுல மட்டும் மெதுவா சொல்லு."

பிள்ளை போனை வாயோடு ஒட்டி வைத்துக்கொண்டிருக்க வேண்டும். ஸ்பீக்கரில் மூச்சுக்காற்று இரைந்தது. அடுக்களைத் தரையில் கிடந்த ஷைனிக்கு ஒவ்வொரு எழுத்தும் கேட்டது.

"தொங்கின பாப்பச்சன் வீடு."

"என் மாதாவே!" கிழவர் கத்தினார். "வாசகசாலைக்காரியா! டேய், வண்டியைத் திருப்பு. நீ வந்த வழிதான். வளைவுல அந்தோணியார் சிலை வச்ச குருசடி இருக்கில்ல, அதை ஒட்டி ரப்பருக்குள்ள செம்மண் பாதை ஏறும். ஏறு, ஏறு, பாத்துக்கிட்டு நிக்காத! மோளே, நீ பாதையில வந்து நில்லு. இல்ல, வேணாம், அம்மாகிட்டயே இரு. மணி ஏதாவது இருந்தா அடி. தட்டை எடுத்துத் தட்டு!"

தும்பி எவர்சில்வர் தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கும் அம்மாவுக்கும் நடுவில் நின்று அடித்தாள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் ஷைனி தன் மூச்சைத் தேடினாள். கிடைத்தது, தொலைந்தது, கிடைத்தது. சைரன் மறுபடி ஏறி வந்தது. தட்டு அடிக்கும் சத்தமும் சைரனும் ஒன்றாகக் கலந்தன. எது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் போனது.

பிறகு பல கால்கள். ஈரச் செருப்புகள். பூசை முடிந்து வந்தவர்கள் வண்டியைப் பார்த்துப் பின்னாலேயே ஓடி வந்திருந்தார்கள். யாரோ அவளைப் புரட்டி மல்லாக்கப் படுக்க வைத்தார்கள்.

"உடம்பு தணுத்துச் சில்லிட்டுப்போச்சே."

"போயாச்சு போல. பாவம், அந்தப் பிள்ளையை வெளியே கூட்டிட்டுப் போங்க."

"இந்த வீட்டோட ராசி. நான் அன்னைக்கே சொன்னேன்."

போகவில்லை. நான் போகவில்லை. இருக்கிறேன். ஷைனி கத்திக்கொண்டே இருந்தாள். தும்பியை யாரோ தூக்க, அவள் உதைத்துக்கொண்டு வீறிட்டாள். "அம்மா முழிச்சிருக்கா! எனக்குத் தெரியும்! வாய் தொடச்சேன், மூச்சு சூடா இருந்துச்சு!"

ஒரு கை ஷைனியின் இமையைத் தூக்கியது. வெளிச்சம் ஊசிபோல் குத்தியது. வெளிச்சத்துக்கு நடுவில் மீசை அரும்பிய ஒரு முகம் இரண்டாகத் தெரிந்தது.

"எல்லாரும் வாயை மூடுங்க" என்றான் நர்ஸ். பிறகு அவள் காதருகில் குனிந்தான். "சேச்சி, நான் பேசுறது உங்களுக்குக் கேக்குதுன்னு எனக்குத் தோணுது. இப்படி இமை தொங்கிப்போய் நான் வேற ஒரு ஆளையும் பாத்திருக்கேன். ஏதாவது ஒண்ணை அசைங்க. எதுவா இருந்தாலும் சரி. நான் கால்பக்கம் பாத்துக்கிட்டு இருக்கேன்."

ஷைனி வலது கால் பெருவிரலை நினைத்தாள். அது மிகத் தூரத்தில், வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. மூச்சு விடுவதை விட்டுவிட்டு, மிச்சமிருந்த எல்லாவற்றையும் அந்த விரலுக்கு அனுப்பினாள்.

"அசையுது! டேய், அந்தப் பையை எடு, காத்து குடுக்கணும். பாயை உதறிப் பாருங்க யாராவது, குச்சி வச்சுக்கிட்டு. பாயில கை வைக்காதீங்க. பாம்பா இருக்கும்."

முகத்தில் ரப்பர் மூடி அழுந்தியது. நெஞ்சு தானாக ஏறியது. யாரோ அவளுக்காக மூச்சு விட்டார்கள். பின்னால் பாயிருந்த அறையிலிருந்து ஒரு பெண்ணின் அலறலும், தடியால் அடிக்கும் சத்தமும், "சங்குவரையன்! ரெண்டு அடி நீளம்!" என்ற கூச்சலும் கேட்டன. பிள்ளை அதே பாயில் குறுக்கே கிடந்து தூங்கியது ஷைனிக்கு நினைவு வந்தது. பிள்ளையையும் பாருங்கள், அவள் காலையும் கையையும் பாருங்கள் என்று சொல்ல வழியில்லை.

வண்டிக்குள் ஏற்றும்போது, "குழந்தை முன்சீட்டுல" என்று யாரோ சொன்னார்கள். "வேணாம், என் பக்கத்துல இருக்கட்டும், அவளையும் நான் பாக்கணும்" என்றான் நர்ஸ். ஷைனி அதைக் கேட்டாள். அவன் ஒரு கையால் பையை அழுத்திக்கொண்டே தும்பியின் கைகால்களைத் தடவித் தேடுவதும், "வலிக்குதா? இங்க? கண்ணை நல்லாத் தொற, என்னைப் பாரு, எத்தனை மாமா தெரியுறாங்க?" என்று கேட்பதும், "ஒரு மாமாதான்" என்று அவள் சலித்துக்கொள்வதும் கேட்டது.

கதவு சாத்தப்பட்டது. வண்டி செம்மண் பாதையில் குலுங்கி இறங்கியது. ஆஸ்பத்திரி மலையடிவாரத்தைத் தாண்டி இன்னும் வெகுதூரம். அதற்குள் அவன் கை சோர்ந்துவிட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அவனுக்கும் தெரிந்திருந்தது. அவன் எண்ணிக்கொண்டே அழுத்தினான், வாய்க்குள்ளேயே, விடாமல்.

"ஈவா, அம்மாவுக்கு எல்லாம் கேக்குது. நீ ஏதாவது பேசிக்கிட்டே வா."

"என்ன பேசணும்?"

"என்ன வேணும்னாலும்."

இதற்கு ஒன்றும் யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.  தும்பியின் கை ஷைனியின் விரல்களுக்குள் நுழைந்து, பிடிக்க ஆள் இல்லாமல், தானே பிடித்துக்கொண்டது.

"அம்மா" என்றாள், "நான் இன்னும் பல்லு தேய்க்கல."